கழுவெளியில் கண்ணி வைத்தவர்கள்

மழைக்காலம் வந்தால், கழுவெளிச் சதுப்புநிலத்தை ஒட்டிய மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். பாத்திகளில் நீர் நிறையும். உள்ளானும் தாராவும் வந்திறங்கும். “கையில காசு இருக்காது தம்பி. பறவை மட்டும் கூட்டங்கூட்டமா நிக்கும். வரப்புல கண்ணி வெப்போம்” என்றார், வாழ்நாளெல்லாம் உப்பு வாரிய ஒரு பெரியவர். யாரிடம் கற்றீர்கள் ஐயா என்றேன். அப்பா, தாத்தா என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்தத் தாத்தாவுக்கு முந்திய கதையைத்தான் நான் தேடிப் போனேன்.

முதலில் சிறுபாணாற்றுப்படை. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறப் போகும் பாணனுக்கு, வழியில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லும் நூல். அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே பரதவர் தருவது கள்ளும் சுட்ட குழல்மீனும். வேட்டைக் கறி வேலூரில், எயினர் குடியிருப்பில், புளிச்சோற்றோடு வருகிறது. கடற்கரை விருந்தில் பறவை இல்லை. ஒரு பாட்டில் இல்லாதது ஊரிலும் இருந்திருக்காது என்று சொல்லிவிட முடியாது. ஆகவே, பறவையைக் காத்தவர்கள் பக்கமிருந்து தேடத் தொடங்கினேன்.

அது வடக்கே வேடந்தாங்கலுக்குக் கொண்டுபோய்விட்டது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பொழுதுபோக்காகப் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை உறுதிசெய்யும் பத்திரமான கவுலை ஊராருக்கு எழுதிக்கொடுத்தார். பறவைகளின் மேல் பாசம் இருந்தது உண்மை. வயலும் ஒரு காரணம். ஏரி மரங்களில் கூடு கட்டிய பறவைகளின் எச்சம் நீரில் கலந்து, பாய்ந்த நிலத்துக்கெல்லாம் எருவானது. பறவை போனால் விளைச்சலும் குறையும்.

மரக்காணத்தில் கண்ணி வைக்கும் பழக்கம் ஏன் நிலைத்தது என்ற கேள்விக்கான பதில் அந்த எருவில்தான் இருந்தது என்று நம்புகிறேன். கழுவெளிக்கு வருவதில் பெரும்பகுதி வலசைப் பறவைகள். வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் இரை தேடி வருபவை. அவற்றின் எச்சம் எந்த நெல்லையும் வளர்க்கவில்லை. உப்புப் பாத்திக்கு எரு எதற்கு? வேடந்தாங்கலில் பறவை ஊரின் சொத்து. இங்கே அது கேட்பாரற்ற விருந்தாளி, வேலையில்லாத மாதங்களின் கறி.

சட்டமும் மெதுவாகத்தான் வந்தது. 1887இலும் 1912இலும் ஆங்கிலேயர் இயற்றிய சட்டங்கள், சில காலங்களில் வேட்டையையோ விற்பனையையோ தடுத்ததோடு சரி. 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திலும் உரிமம் பெற்றுச் சிறு பறவைகளைச் சுட வழியிருந்தது. 1991 திருத்தம்தான் அதை மூடியது. 2021 டிசம்பரில், வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151.60 ஹெக்டேர் கழுவெளிப் பறவைகள் சரணாலயமானது. 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

வேடந்தாங்கலில் ஊர் கேட்டு அரசு எழுதிக்கொடுத்தது. இங்கே அறிவிப்புதான் முதலில் வந்தது, ஊர் இனிமேல்தான் சேர வேண்டும். இதே கடற்கரையில் வடக்கே வடநெம்மேலியில் அதற்கொரு வழி காட்டியிருக்கிறார்கள். தோலுக்காகப் பாம்பு பிடித்த இருளர்கள், 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றபின், 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைப் பிடித்து விஷம் எடுத்துவிட்டுக் காட்டில் விடும் தொழிலுக்கு மாறினார்கள். அந்தத் திறமை வீணாகவில்லை. எந்தப் பாத்தியில் எத்தனை விரற்கடை நீர் நின்றால் எந்த உள்ளான் இறங்கும் என்று மரக்காணத்துப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார். சரணாலயத்துக்குக் காவலரும் கணக்கெடுப்பவரும் வேண்டுமென்றால், முதலில் அவர் வீட்டுக் கதவைத் தட்டச் சொல்வேன்.