கோடியக்கரை: பூநாரைக்கு முன்பே வருகிறவை

வேதாரண்யத்திலிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அகஸ்தியம்பள்ளி உப்புக் குவியல்களைத் தாண்டியதும் காடு தொடங்கும். காடு முடிகிற இடத்தில் கடல். வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கும் நிலமுனை இது. கோடி என்ற பேரே அதற்குத்தான். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் பூங்குழலியை நினைத்துக்கொண்டு வருவார்கள். மார்கழியில் வருகிறவர்கள் "பூநாரை எங்கே?" என்று கேட்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் புரட்டாசியிலேயே வந்துவிடுவார்கள்.

விடிந்ததும் நடை. பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் கூட்டமாகிவிடும். பேச்சையெல்லாம் வாயிலிலேயே விட்டுவிட வேண்டும். ஏனென்றால் முதல் விருந்தாளி பாலை மரத்தடியில், தரையில்தான் இருக்கிறது. சருகைப் புரட்டிப் புழு தேடும் ஆறுமணிக் குருவி. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே போகிற வழியில் இங்கே இறங்கி இளைப்பாறும். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் அத்தனை பளிச்சென்று இருந்தும், வழிகாட்டி விரலை நீட்டும்வரை புதியவர் கண்ணுக்குச் சிக்காது.

காட்டைவிட்டு வெளியே வந்தால் புல்வெளியில் வெளிமான்கள். நின்று பார்க்கலாம், ஆனால் வெயில் ஏறும் முன் சதுப்புக்குப் போய்ச் சேர வேண்டும்.

உண்மையான பாடம் அங்கேதான். சேற்றில் நூற்றுக்கணக்கான உள்ளான்கள், எல்லாம் ஒரே சாம்பல் நிறம்போலத் தெரியும். ஸ்கோப்பில் கண்ணை வைத்தால் பிரிந்து வரும். வளைந்த மூக்குள்ள உள்ளான் ஒன்றின் வயிற்றில் செங்கல் நிறத் திட்டுகள்: சைபீரியக் கோடையில் அணிந்த சட்டை, இன்னும் முழுதாகக் கழற்றவில்லை. அடுத்த மாதம் வந்தால் அந்தத் திட்டு இருக்காது. பக்கத்தில் ஓடும் கொசு உள்ளானின் எடை முப்பது கிராம்கூட வராது. இந்த இனங்களில் வளர்ந்த பறவைகள் முதலில் புறப்பட்டுவிடும். அந்த ஆண்டுக் குஞ்சுகள் பின்னால், தாய் தகப்பன் துணையின்றி வழி கண்டுபிடித்து வரும்.

இவை எங்கிருந்து வருகின்றன என்பது காலில் மாட்டிய வளையத்தால் தெரிந்த செய்தி. பறவையியலாளர் சலீம் அலியின் முயற்சியால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு விடுகிறது. பீகாரின் மீர்ஷிகார் வேடர்களின் கைத்திறன் இந்தப் பணிக்கு உதவியது. வேட்டைக்கான வித்தை அறிவியலுக்குப் பயன்பட்டது. சரணாலயம் 1967-இல் வந்தது, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் 2002-இல் கிடைத்தது. ஆனாலும் உள்ளான் கூட்டங்கள் முன்போல இல்லை என்பதைச் சொல்வதும் அதே வளையக் கணக்குதான். சதுப்பைச் சுற்றி உப்பளம் பெருகிவிட்டது, நன்னீர் வரத்து குறைந்துவிட்டது.

போகிறவர்கள் தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், பளிச்சென்ற சட்டை வேண்டாம். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சதுப்புக்குப் போகும் மண்பாதை சேறாகிவிடும். அதற்கு முன் போய் வந்துவிடுங்கள்.