வார்டுக்கு என்ன கொண்டு போகலாம்?

மருந்தியல் படிக்கிறேன் என்றதும், "மருந்துக்கடை வைக்கப் போகிறாயா?" என்றுதான் எங்கள் தெருவில் கேட்டார்கள். 2008ஆம் ஆண்டு நம் நாட்டில் தொடங்கப்பட்ட பார்ம்.டி. ஆறாண்டுப் படிப்பு. கடைசி ஆண்டு முழுவதும் மருத்துவமனையில்தான். அதில் ஆறு மாதம் பொது மருத்துவப் பிரிவு. டாக்டருடன் கட்டில் கட்டிலாகச் செல்ல வேண்டும். இப்படிப்பில் சேர விரும்பும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

வெள்ளைக் கோட்டு, சிறு குறிப்பேடு, இரண்டு பேனா (ஒன்றை யாராவது இரவல் வாங்கிப் போய்விடுவார்கள்), நெடுநேரம் நின்றாலும் கடிக்காத காலணி. இவற்றைக் கல்லூரியிலேயே சொல்லிவிடுவார்கள். வார்டில் 'சிஸ்டர்' என்றால் நர்ஸ். நம் பள்ளியில் படித்தவளுக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததும் எழுந்து நிற்கத் தோன்றும்!

கால்குலேட்டர் மிக அவசியம். எழுபது வயது அம்மா, எடை 45 கிலோ, இரத்தத்தில் கிரியேட்டினின் 1.4 என்று வைத்துக்கொள்வோம். 'சற்றுக் கூடுதல், அவ்வளவுதானே' என்று தோன்றும். 140இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72ஐயும் கிரியேட்டினினையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்து, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கினால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 27 மில்லிலிட்டர் வரும். நூறை ஒட்டி இருக்கவேண்டிய சிறுநீரகத்தின் வேலை கால்பங்காகிவிட்டது! சிறுநீரில் வெளியேறும் பல மருந்துகளின் அளவைக் குறைத்தாக வேண்டும். கணக்குப் பாடத்தை வெறுக்கும் தங்கைகள் கவனிக்க.

எவரும் சொல்லித் தராத பொருள் ஒன்றுண்டு: பூதக்கண்ணாடி. விடியற்காலையில் தலைசுற்றி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து வந்திருந்தார் ஒரு பாட்டி. "வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா பாட்டி?" என்றால், "இல்லை கண்ணு, பிரஷர் மாத்திரை மட்டும்தான்" என்றார். மகளிடம் வீட்டிலுள்ள மருந்துப் பையை அப்படியே எடுத்து வரச் சொன்னேன். மறுநாள் அந்த மஞ்சள் பையைக் கட்டிலில் கொட்டினோம். நாட்டு மருந்துப் பொடி, தைலம், கண் சொட்டு மருந்து (இவற்றையெல்லாம் மருந்தென்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை), இரண்டு வேறு பெயர்களில் இரண்டு மாத்திரை அட்டைகள். அடியில் பொடி எழுத்தில் இரண்டிலும் அம்லோடிபின் என்றிருந்தது. ஒன்று அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. மற்றது தனியார் டாக்டர் எழுதியது. இரண்டையும் ஒரு வேளை தவறாமல் விழுங்கி வந்திருக்கிறார். கால் வீங்கியிருந்ததையும் வயசுக் கோளாறு என்றே நினைத்திருந்தார்.

டாக்டரிடம் காட்டினேன். ஒன்றை நிறுத்தினார். பாட்டிக்கோ சங்கடம். "ரெண்டு டாக்டருமே நல்லவங்கம்மா, யாரு பேச்சைத் தட்டுறது?" என்றார். அருகில் அமர்ந்து விளக்கக் கால்மணி நேரமாயிற்று. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. மீதி மாத்திரைகளின் உறைகளில் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைந்து கொடுத்தேன். அன்று முதல், தடித்த முனையுள்ள மார்க்கர் பேனா ஒன்றும் என் கோட்டுப் பையில் இருக்கிறது.