மூன்று நாளுக்கு ஒரு சந்தை: பாலித் தீவில் பார்த்தது

"விளைய வெச்சிடறோம் சார், எங்க கொண்டுபோய் விக்கறது?"

வேளாண்மைத் துறையில் சேர்ந்த நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பூச்சி என்றால் மருந்து சொல்லலாம். மண் என்றால் பரிசோதனைக்கு வழி காட்டலாம். இந்தக் கேள்விக்கு மட்டும் ஒற்றை வரியில் பதில் கிடையாது. கேட்பவர் பெரிய விவசாயியாக இருந்தால் வேன் பிடித்து மண்டிக்கு அனுப்பிவிடுவார். அரை ஏக்கரில் கத்தரி, வரப்போரம் அவரை, வீட்டுக்குப் பின்னால் நாலு வாழை என்று வைத்திருப்பவர் என்ன செய்வார்? இருபது கிலோ கத்தரிக்காயை டவுனுக்குக் கொண்டுபோனால் வண்டி வாடகைக்கும் டீச்செலவுக்கும் சரியாகப் போய்விடும்.

போன வருஷம் குடும்பத்தோடு இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குப் போயிருந்தோம். பிள்ளைகள் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். நானும் மனைவியும், கிராமத்துச் சந்தைகளைச் சுற்றிக்காட்டும் ஒருநாள் பயணத்தில் சேர்ந்துகொண்டோம். அந்த இருபது கிலோ கத்தரிக்காய்க்கு அங்கே என்ன வழி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசைதான். ஏறத்தாழ நம் ஈரோடு மாவட்டத்தின் பரப்பளவுதான் அந்தத் தீவு. சுமார் 43 லட்சம் மக்கள். பெரும்பாலோர் இந்துக்கள். இந்தக் கடைசி விஷயத்துக்கும் சந்தைக்கும் சம்பந்தம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

கிழமை இல்லை, மூன்று நாள் கணக்கு

நமக்கு வாரச்சந்தை. திங்கள் சந்தை, புதன் சந்தை என்று ஊருக்கொரு கிழமை. பாலிக்காரர்களிடம் ஏழு நாள் வாரமும் உண்டு, அதோடு மூன்று நாள் வாரம் ஒன்றும் உண்டு. பசா, பெதெங், கஜெங் என்று அந்த மூன்று நாட்களுக்குப் பெயர். கிராமத்துச் சந்தைகள் பழைய வழக்கப்படி இந்த மூன்று நாள் கணக்கில் கூடுகின்றன. இன்று இந்த ஊர், நாளை பக்கத்து ஊர், மறுநாள் அதற்கடுத்த ஊர், நான்காம் நாள் மறுபடி முதல் ஊர். இப்போது பல ஊர்களில் தினசரிக் கடைகள் வந்துவிட்டன. இருந்தாலும் மூன்று நாளுக்கு ஒருமுறை வரும் பெரிய சந்தை இன்னும் நடக்கிறது.

வழிகாட்டி இதைச் சொன்னபோது எனக்கு நம் தோட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். நாலு நாள் விட்டால் நார் ஏறிவிடும். வெள்ளரி, பீன்ஸ், கத்தரி எல்லாம் மூன்று நான்கு நாளுக்கு ஒரு பறிப்பு. ஏழு நாளுக்கு ஒருமுறை கூடும் சந்தை தானியத்துக்கும் மாட்டுக்கும் பொருந்தும். காய்கறிக்குப் பொருந்தாது. நடுவில் பறித்ததை வந்த விலைக்கு ஏஜென்ட் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான். மூன்று நாள் சந்தையோ செடியின் கணக்குக்கு ஒத்துப்போகிறது. அந்தத் தீவிலேயே மெங்வி பக்கம் பெரிங்கிட் என்ற பெரிய மாட்டுச் சந்தை ஞாயிறு, புதன் என்று ஏழு நாள் வாரக் கணக்கில்தான் கூடுகிறது என்றார் வழிகாட்டி. மாடு காத்திருக்கும், வெண்டைக்காய் காத்திருக்காது.

விடியுமுன் போணி

உபுத் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்னும் இருட்டு விலகவில்லை. சந்தை அதற்கு முன்பே கூடிவிட்டது. விற்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே பெண்கள். தலைச்சுமையாகவும் மொபெட்டிலும் கொண்டுவந்த கூடைகளைத் தரையில் பரப்பியிருந்தார்கள். "வாங்க வந்திருக்கிறவங்க எல்லாம் ஊர்க்காரங்க. சமையலுக்கு நேரமாகும். வழியை மட்டும் மறிக்காதீங்க" என்று வழிகாட்டி முதலிலேயே சொல்லிவிட்டார். அவரும் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளைதான்.

ஒரு பாட்டியம்மா முன்னால் இருந்த சரக்கை எண்ணிப் பார்த்தேன். மூன்று சீப்பு வாழைப்பழம், பத்துப் பதினைந்து முட்டை, நாலு கட்டுக் கீரை, ஒரு வாழையிலைத் துண்டில் காசித்தும்பைப் பூ. அவ்வளவுதான். காய்களைக் கூறு கட்டி வைத்திருந்தார்கள். இவ்வளவு குறைவாகக் கொண்டுவருகிறாயே என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சின்ன அளவுக்கு இடம் கொடுப்பதுதான் அந்தச் சந்தையின் பெரிய பலம் என்று எனக்குப் பட்டது.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு முதல் வியாபாரம் நடந்தது. வாங்கிய நோட்டைத் தன் சரக்கின் மேலெல்லாம் தட்டித் தட்டி, "லாரிஸ், லாரிஸ்" என்றார். லாரிஸ் என்றால் நன்றாக விற்கட்டும் என்று பொருள். என் மனைவி உடனே, "அட, போணி!" என்றாள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. சந்தைக்குள்ளேயே ஒரு சிறு கோயில். மெலாந்திங் என்று சந்தையைக் காக்கும் தெய்வம். கடை விரிக்குமுன் அங்கே பூ வைத்துவிட்டு வருகிறார்கள். இந்தோனேசிய மொழியில் சிறு கடைக்குக் 'கெடாய்' என்று ஒரு சொல் உண்டு. நம் 'கடை'தான் கப்பலேறிப் போய் அப்படி ஆகியிருக்கிறது.

பூவும் குருத்தோலையும்

சந்தையில் காய்கறிக்குச் சமமாக இடம் பிடித்திருந்தது பூ. பாலியில் ஒவ்வொரு வீட்டிலும் கடையிலும் தினமும் 'சானாங்' என்ற சிறு படையல் வைக்கிறார்கள். தென்னங்குருத்தோலையில் உள்ளங்கையளவு தட்டு முடைந்து, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வைத்து, மேலே திசைக்கு ஒரு நிறமாகப் பூ வைக்கவேண்டும். கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை. அதனால் மஞ்சள் துலுக்கச் சாமந்தி, பல நிறக் காசித்தும்பை, மலைப்பகுதியில் வரும் நீல நிற ஹைட்ராஞ்சியா எல்லாமே விலைபோகின்றன. பொடியாக நறுக்கிய ரம்பை இலைகூடக் கூறுகூறாக விற்கிறது.

வருஷம் முழுக்க, தினமும், ஒவ்வொரு வீடும் வாங்கும் பொருள் இது. ஐந்து சென்ட் நிலத்தில் பூ வைத்தாலும் வாங்க ஆள் உண்டு. பண்டிகை வந்தால் தேவை பலமடங்காகும். 210 நாளுக்கு ஒருமுறை காலுங்கான் என்ற பெரிய பண்டிகை. அதற்கு முன் குருத்தோலை, வாழைப்பழம், மூங்கில், பன்றி எல்லாவற்றுக்கும் விலை ஏறும். நாம் பொங்கலுக்கு மஞ்சள் கொத்தும், ஆயுதபூஜைக்குச் சாமந்தியும் கணக்குப் பண்ணி நடுவது போலத்தான்.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. அத்தனை குருத்தோலையும் பாலியில் கிடைப்பதில்லை. ஒரு பெரிய பங்கு பக்கத்து ஜாவா தீவிலிருந்து கடல் தாண்டி வருகிறது. வாழைப்பழமும் அப்படியே. தென்னை வைத்திருப்பவர்களுக்குக் காரணம் புரியும். தென்னையில் ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. குருத்தை வெட்டினால் இன்றைக்குக் காசு, பின்னால் ஒரு குலை நட்டம். அளவு மீறினால் மரமே தளர்ந்துபோகும். மரமும் குறைந்துகொண்டே வருகிறது. நெல் விளைந்த இடத்திலும் தென்னந்தோப்பிலும் தங்கும் விடுதிகளும் வில்லாக்களும் எழுகின்றன. பாலியின் 'சுபாக்' என்ற விவசாயிகளின் நீர்ப்பாசனச் சங்கங்களும் அவற்றின் படிக்கட்டு வயல்களும் 2012-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் சேர்ந்தும் நிலம் கைமாறுவது நிற்கவில்லை. வாங்குபவர் தினமும் வாசலில் நிற்கிறார், விளைவிக்க நிலமும் ஆளும் குறைகின்றன. நம் பக்கத்துப் பிரச்சினைக்கு நேர் எதிர். இரண்டிலும் கடைசியில் ஒதுங்கிப்போவது சிறு விவசாயிதான்.

மலைச்சந்தையில் மரத்தோடு வியாபாரம்

அடுத்து கிந்தாமணி. பத்தூர் எரிமலைக்குப் பக்கத்தில், குளிர் அடிக்கும் உயரத்தில் இருக்கும் ஊர். அன்று அங்கே மூன்று நாள் சந்தை. பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் வேகமாக ஓட்டிவந்தார்கள். மலை மக்கள் ஸ்வெட்டரும் சாரமுமாக நின்றார்கள். கமலா ஆரஞ்சு, முட்டைக்கோஸ், தக்காளி, மிளகாய், ஏரிக்கரையில் விளையும் சின்ன வெங்காயம், ஏரியில் பிடித்த ஜிலேபி மீன், மூங்கில் கூடையில் கோழி, பன்றிக்குட்டி. அந்தக் குவியல்களுக்கு நடுவே நின்ற வெள்ளைப்பூண்டு மூட்டை சீனாவிலிருந்து வந்தது. இந்தோனேசியா தன் பூண்டில் பெரும்பங்கை இறக்குமதிதான் செய்கிறது.

கிந்தாமணிக் காப்பிக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தோனேசியாவிலேயே முதல் புவிசார் குறியீடு அதுதான். காப்பிச் செடிக்கு நடுவே ஆரஞ்சு வைக்கிறார்கள். ஒன்றில் விலை சரிந்தால் மற்றது தாங்கும்.

ஆனால் ஆரஞ்சு முழுவதும் சந்தைக்கு வருவதில்லை. 'தெபாஸ்' என்று ஒரு முறை உண்டு. பயிர் நிற்கும்போதே வியாபாரி வந்து மொத்தமாக விலை பேசிவிடுவார். பறிப்பது, ஏற்றுவது எல்லாம் அவர் பாடு. நெல்லைக்கூட இப்படி நின்ற பயிராக விற்கிறார்கள். நம் மாந்தோப்பையும் புளியமரத்தையும் குத்தகைக்கு விடுவதேதான். கையில் ஒரே தடவையாகப் பணம், பறிப்புக் கூலி மிச்சம். ஆனால் எடை தெரியாது, அன்றைய விலையும் தெரியாது. அதற்குப் பக்கத்தில் ஒரு சந்தை கூடினால் அந்த இரண்டும் தெரிந்துவிடும். சந்தையில் விற்காதவருக்கும் சந்தை உதவுவது இப்படித்தான். பேரம் பேசும்போது வாயில் ஒரு விலை இருக்கும்.

ஒரே பழம், இரண்டு விலை

மதியம் பெடுகுல் மலையில் சாண்டிகுனிங் சந்தை. ஸ்ட்ராபெரி, வெண்ணெய்ப் பழம், கொடித்தோடை, செதில் தோல் போர்த்திய சலாக் பழம் என்று அடுக்கி வைத்திருக்கும் அழகுக்குக் குறைவில்லை. வாங்குவோர் பெரும்பாலும் எங்களைப் போன்ற பயணிகள். காலையில் கிராமத்தில் நாங்கள் வாங்கிய அதே சலாக் பழத்துக்கு இங்கே பல மடங்கு விலை சொன்னார்கள்.

"அப்படியென்றால் இங்கே விற்பவருக்கு நல்ல லாபம்தானே?" என்று கேட்டேன். வழிகாட்டி சிரித்துவிட்டு, "கடை வாடகையும் அப்படித்தானே சார். தோட்டத்துக்காரங்க இங்க உட்கார முடியாது. சரக்கைக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றார். அந்த ஊர்ப் பெண்கள் அங்கே காய் வாங்கியதையும் நான் பார்க்கவில்லை.

வெளியூர்க்காரர்களை நம்பிய சந்தை பளபளப்பாக இருக்கும், விவசாயி அங்கே சரக்கு கொடுப்பவராக மட்டுமே இருப்பார். ஊர்க்காரர்கள் அன்றாடம் வாங்கும் சந்தை சேறும் சகதியுமாகக்கூட இருக்கலாம், அங்கே கூடைக்குப் பின்னால் விவசாயி உட்கார்ந்திருப்பார்.

நான் வேலை பார்த்த ஒரு ஒன்றியத்தில் நல்ல சந்தைக் கொட்டகை ஒன்று உண்டு. கான்கிரீட் மேடை, தண்ணீர்த் தொட்டி, விளக்கு எல்லாம் இருந்தன. வெளி வியாபாரிகள் நாலு பேர் மொத்தச் சரக்கோடு வந்து உட்காருவார்கள். உள்ளூர் அம்மாக்கள் தலைச்சுமையோடு வந்தால் ஒரு கூடைக்கும் ஒரு வேனுக்கும் ஒரே சுங்கம். இரண்டு வாரம் வந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். கொட்டகைக்குக் குறை ஒன்றும் இல்லை. கூடைக்கு அங்கே இடமில்லை, அவ்வளவுதான். விவசாயியே நேரடியாக விற்கவேண்டும் என்றுதான் 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தையைத் திறந்தார்கள். டவுனுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. தள்ளியிருக்கும் கிராமங்களுக்கு ஊர்ச் சந்தைதான் கதி.

நாம் செய்யக்கூடியது

பாலியைப் பார்த்து அப்படியே காப்பி அடிக்க முடியாது. ஆனால் செலவில்லாமல் முயன்று பார்க்கச் சில காரியங்கள் இருக்கின்றன.

முதலாவது, நாள். பக்கத்துப் பக்கத்து மூன்று ஊராட்சிகள் பேசி வைத்துக்கொண்டு ஒரு ஊரில் திங்கள், வியாழன், அடுத்ததில் செவ்வாய், வெள்ளி, மூன்றாவதில் புதன், சனி என்று பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஊருக்கும் மூன்று நான்கு நாளுக்கு ஒரு சந்தை. அவசரமென்றால் பக்கத்து ஊரில் அடுத்த நாளே சந்தை.

இரண்டாவது, நேரம். காலை எட்டு மணிக்குள் முடிகிற மாதிரி வைத்தால் விற்றவர் காட்டுவேலைக்கும், வாங்கியவர் சமையலுக்கும் திரும்பலாம். சாயங்காலச் சந்தை உங்கள் ஊருக்கு ஒத்துவந்தால் அப்படியும் வைக்கலாம். ஆனால் அடிக்கடி மாற்றாதீர்கள். நேரம் தவறாத சந்தைக்குத்தான் கூட்டம் சேரும்.

மூன்றாவது, சுங்கம். சந்தைச் சுங்கம் ஏலம் போகும் ஊர்களில், ஏலத்துக்கு முன்பே கிராமசபையில் எழுந்து பேசுங்கள். தலைச்சுமைக்குத் தனியாகக் குறைந்த கட்டணம் வைத்து, அதைப் பலகையில் எழுதி வைக்கக் கேளுங்கள்.

நான்காவது, பயிர். ஊர்க்கோயில், டீக்கடை, மெஸ், பள்ளிக்கூட வாசல், பண்டிகை என்று உங்கள் ஊர் வருஷம் முழுக்க என்ன வாங்குகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வெளியிலிருந்து வருவது எத்தனை என்று கோடு போடுங்கள். அதில் கால்வாசியை உங்கள் ஊரிலேயே விளைவிக்க முடியும் என்றால், அடுத்த பட்டத்துக்கு என்ன நடுவது என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்த மாதிரி.

உங்கள் ஊர்ச் சந்தை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, தலைச்சுமைக்கு என்ன சுங்கம், விற்பவர்களில் விவசாயிகள் எத்தனை பேர் என்று கேள்வி-பதில் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். நின்றுபோன சந்தை என்றால் எதனால் நின்றது என்றும் எழுதுங்கள். எந்த ஊருக்கு எந்த மாதிரி வழி சரிப்படும் என்று சேர்ந்தே யோசிப்போம்.