கடல் இல்லாத ஊருக்கு ஒரு கரை

கரையான்சாவடியின் பெயரில் ‘கரை’ இருக்கிறது. கடற்கரைதான் இல்லை. மெரினாவுக்குப் போவதென்றால் போரூர், வடபழனி, கோடம்பாக்கம் என்று நெரிசலை முழுவதும் கடக்க வேண்டும். போய்ச் சேர்வதற்குள் குழந்தைகள் தூங்கிவிடும். கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லியையும் இணைக்கும் மெட்ரோ தடத்தில் இந்த ஊருக்கும் ஒரு நிலையம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல்.

ஆனால் கிழக்கே போகாமல் மேற்கே திரும்பினால், அதிகம் செலவில்லாமல் ஒரு கரை கிடைக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. கரையான்சாவடியில் கிளம்பி, பூந்தமல்லி, நசரத்பேட்டை வழியாகச் செம்பரம்பாக்கம். அங்கிருந்து ஏரியை ஒட்டியே தெற்கே இறங்கிக் குன்றத்தூர். பிறகு மாங்காடு, குமணன்சாவடி வழியாகத் திரும்ப வீடு. சுற்று முழுவதும் இருபது கிலோமீட்டருக்கு மேல் வரும். நல்ல நடை பழக்கம் உள்ளவர்கள் முழுதாக நடக்கலாம். மற்றவர்கள் செம்பரம்பாக்கம் வரை பஸ்ஸில் போய், கரைப் பகுதியை மட்டும் நடந்துவிட்டு, குன்றத்தூரில் மறுபடி பஸ் ஏறலாம். அதில் ஒன்றும் வெட்கமில்லை. ட்ரங்க் ரோட்டின் புகையில் நடப்பதைவிட அதுவே உத்தமம்.

வழியில் பூந்தமல்லியில் ஒரு நிமிடம் நிற்கலாம். பூவிருந்தவல்லி என்பது இந்த ஊரின் பழைய பெயர். காஞ்சி வரதருக்குத் தொண்டு செய்த திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இது; வரதராஜப் பெருமாள் கோயிலில் அவரை இன்றும் கொண்டாடுகிறார்கள். பெயரில் பூ இருக்கிறது. சாலையில் இருப்பது கன்டெய்னர் லாரி.

செம்பரம்பாக்கத்தில் கரை மேல் ஏறியதும் காற்று மாறிவிடுகிறது. தண்ணீர் நிறைந்த மாதங்களில் எதிர்க்கரை கண்ணுக்கு லேசில் தட்டுப்படாது. சின்னப் பிள்ளைகள் “கடல்!” என்று கத்துவதில் தப்பே இல்லை. அலை வந்து கரையின் கற்களில் மோதும். நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பக்கத்திலேயே கெண்டையும் ஜிலேபி மீனும் விற்பவர்கள் தராசோடு இருப்பார்கள்.

தெற்கு நோக்கி நடக்கும்போது வலப்பக்கம் தண்ணீர், இடப்பக்கம் ஊர். இந்த நடையின் விசேஷம் இதில்தான் இருக்கிறது. கடற்கரையில் நிற்பவர், தான் நிற்கும் இடத்தைவிடக் கீழே கிடக்கும் தண்ணீரைப் பார்ப்பார். இங்கே ஏரி நிரம்பும் காலத்தில், வலது பக்கத்துத் தண்ணீர் இடது பக்கத்து வயல்களையும் வீடுகளையும்விட உயரத்தில் நிற்கிறது. நடுவில் இருப்பது காலுக்குக் கீழே உள்ள இந்த மண் கரை ஒன்றுதான்.

மொத்தம் 24 அடி உயரத்துக்கு, 3,645 மில்லியன் கன அடி தண்ணீர் பிடிக்கும் ஏரி இது. முதலில் இது பாசன ஏரி. மதகு வழியாக இறங்கும் தண்ணீரில் கீழே நெல் விளைந்தது. பிறகு சென்னைக்குத் தாகம் எடுத்தது. பூண்டியிலிருந்து இணைப்புக் கால்வாயில் தண்ணீர் வந்து சேர, இங்கே நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் 2007-ல் செயல்பாட்டுக்கு வந்தது. வயலுக்கென்று கட்டிய ஏரி குழாய்க்குப் போய்விட்டது. சிறுகளத்தூர் பக்கம் நடக்கும்போது இது கண்ணால் பார்த்தே விளங்கிவிடும். ஒரு துண்டு பச்சை வயல், அதை அடுத்து கலர் பெயின்ட் அடித்த மனைக் கற்கள், அதை அடுத்து மாடி வீடு. வரப்பில் நின்ற கொக்கு இப்போது காலி மனையில் நிற்கிறது.

அந்த வீடுகளில் இருப்பவர்களுக்குத்தான் 24 என்ற எண் மனப்பாடம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் டீக்கடையில் பேச்சே இதுதான். “தம்பி, தண்ணி எவ்ளோ நிக்குது?” “இருபத்தொண்ணு தாண்டிடுச்சுண்ணே.” கேட்டவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார், மாவு மெஷினையும் மோட்டாரையும் மேலே தூக்கி வைக்க.

காரணம், 2015 டிசம்பர் 1. அன்று இந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. கன அடி என்றால் புரியாதவர்களுக்கு: விநாடிக்குச் சுமார் 8 லட்சம் லிட்டர். தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி, ஒவ்வொரு விநாடியும் அறுபத்தெட்டு. ஏரியைத் தாண்டினால் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று போய் அடையாற்றில் சேரும் பாதை அது. ஆதனூர் பக்கத்து ஏரிகளின் வெள்ளமும் ஏற்கெனவே அடையாற்றில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் சேர்ந்து சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்தன. முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாமே என்ற கேள்வி அன்று எழுந்தது, இன்றும் அடங்கவில்லை.

அடங்காததால் ஒரு நன்மையும் நடந்திருக்கிறது. 2020 நவம்பர் 25, நிவர் புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும், 24 வரை காத்திருக்காமல், பகலிலேயே 1,000 கன அடியில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார்கள். எச்சரிக்கை முதலில் வந்தது, தண்ணீர் பிறகு வந்தது.

இதற்கு நேர் எதிரான வருடமும் உண்டு. 2019 கோடையில் இதே ஏரி வறண்டு, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நகரமே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தது. ஆறே மாதத் தண்ணீரைத் தேக்கி வைக்கவும் வேண்டும், ஒரே இரவு மழைக்கு இடம் விட்டு வைக்கவும் வேண்டும். மதகின் சாவியை வைத்திருப்பவரின் வேலை சுலபமில்லை.

ஐந்து கண் மதகு, பத்தொன்பது கண் மதகு என்று இங்கே இரண்டு. மதகருகே இறங்கிக் குளிப்பதோ, செல்ஃபிக்காகச் சறுக்குக் கல்லில் நிற்பதோ வேண்டாம். ஏரி நிரம்பும் நாள்களில் கரைக்கே விட மாட்டார்கள். காவலர் திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டியதுதான். மார்கழி, தை மாதக் காலைகள் இந்த நடைக்குச் சரியான நேரம். தண்ணீரும் இருக்கும், வெயிலும் சுடாது. குடிக்கத் தண்ணீரைக் கையோடு கொண்டுபோவது நல்லது. இவ்வளவு தண்ணீருக்குப் பக்கத்தில் பாட்டில் கிடைப்பது கஷ்டம்.

குன்றத்தூரில் கால் வலித்தாலும் முருகன் கோயில் குன்றின் மேல் ஏறிவிட வேண்டும். இது பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் ஊர். கும்பகோணம் பக்கத்துத் திருநாகேஸ்வரத்தின் மேலிருந்த பக்தியில், அதே பெயரில் அவர் எழுப்பிய சிவன் கோயில் கீழே இருக்கிறது. மேலே நின்றால் நடந்து வந்த கரை ஒரு கோடாகத் தெரியும். கோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளி, இந்தப் பக்கம் கூரைகள்.

இறங்கி மாங்காடு போகும் பஸ்ஸைப் பிடித்தால், ஒற்றைக் காலில் தவம் இருக்கும் காமாட்சியைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கரையான்சாவடி வந்துவிடலாம். பையில் மீன் இருந்தால் கோயிலை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு நேராக வீட்டுக்கு வருவது நல்லது. வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டு அக்கா முதலில் மீன் விலையைக் கேட்பார். அடுத்த கேள்வி, “ஏரியில எத்தனை அடி நிக்குது?”