அளவுப் பலகையோடு லயத்துக்கு

2016ஆம் ஆண்டு இலங்கையில் நடந்த குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெருந்தோட்டப் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் அது 31.7 சதவீதம். போஷாக்குத் துறையில் பட்டப்பின்படிப்புக்கு வந்து மலையகத்தைத் தெரிவுசெய்யும் மாணவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பசறை, நமுனுகுலை, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் அளவெடுத்தும், பிறகு மற்றவர்களுக்கு அளவெடுக்கச் சொல்லிக்கொடுத்தும் வந்ததில் எனக்கு ஒன்று உறுதியாகியிருக்கிறது. தோட்டத்துப் பெண்ணின் கோப்பையில் இருப்பதை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் ஆய்வு பாதியில் நிற்கிறது. அவளுடைய நாள் எந்த மணிக்கு எங்கே போகிறது என்பதையும் எழுதியாக வேண்டும்.

முதலில் அளவெடுப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயது நிரம்பாத பிள்ளையைப் படுக்கவைத்து நீளம் எடுக்கிறோம், நிரம்பிய பிள்ளையை நிற்கவைத்து உயரம் எடுக்கிறோம். ஒரே பிள்ளை படுத்திருக்கும்போது நிற்பதைவிடச் சுமார் 0.7 சென்ரிமீற்றர் கூடுதலாக இருக்கும். அதனால் இரண்டரை வயதுப் பிள்ளை நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், படுக்கவைத்து அளந்து அந்த 0.7ஐக் கழிக்க வேண்டும். அளவுப் பலகைக்கு இரண்டு பேர் கட்டாயம். ஒருவர் தலையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்திப் பாதத் தட்டை நகர்த்துவார். லயத்து வாசல், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு வாசல், எங்கும் சரிவு. சமதரை தேடிப் போனால் பெரும்பாலும் பிள்ளை மடுவத்தின், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தின், சிமெந்துத் தரையில்தான் போய் நிற்போம். வயதை வாயால் கேட்டு எழுதக்கூடாது, கிளினிக் அட்டையைப் பார்த்துப் பிறந்த தேதியை எழுத வேண்டும். ஒரு மாதம் பிசகினாலும் குள்ளமான பிள்ளை சரியான பிள்ளையாகிவிடும், சரியான பிள்ளை குள்ளமாகிவிடும்.

பிள்ளையை அளந்த கையோடு தாயையும் நிற்கவைத்து அளந்துகொள்ளுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன். முடிந்தால் அம்மாயியையும். 1973, 74இல் அரிசி, மாப் பங்கீடு குறைந்தபோது தோட்டங்களில் பசியால் ஆட்கள் செத்தார்கள். அந்த வருடங்களில் பிறந்த பெண் குழந்தைகள் இன்று பேரப்பிள்ளை எடுத்தவர்கள். சிறுவயதில் வளர்ச்சி குன்றிய பெண்ணுக்கு நிறை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு கூடுதல், அந்தப் பிள்ளையும் பெண்ணாக இருந்தால் அவளுக்கும் அப்படியே. இன்றைய பிள்ளையின் உயரத்தை இன்றைய சமையலை மட்டும் வைத்து விளக்கப் பார்ப்பது அந்தப் பாட்டிகளை மறப்பதாகும்.

ஊவாவில் குருதிச்சோகையை ஆராய்பவருக்கு மலையே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. உயரமான இடத்தில் காற்றில் ஒட்சிசன் குறைவு. உடம்பு அதை ஈடுகட்ட ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். ஆகவே மலையில் வாழ்பவரின் அளவிலிருந்து ஒரு தொகையைக் கழித்துவிட்டுத்தான் சோகை உண்டா இல்லையா என்று தீர்மானிக்க முடியும். பழைய விதியில் 1000 மீற்றருக்குக் கீழே கழிவே கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டலில் 500 மீற்றரிலிருந்தே கழிவு தொடங்குகிறது: 500 முதல் 999 மீற்றர் வரை டெசிலீற்றருக்கு 0.4 கிராம், 1000 முதல் 1499 வரை 0.8 கிராம். கருத்தரிக்காத பெண்ணுக்கு எல்லை 12 கிராம். ஹப்புத்தளை 1400 மீற்றருக்கு மேல். அங்கே கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு 12.5 என்று இயந்திரம் காட்டினால், ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடத் தோன்றும். கழித்தால் 11.7. அவளுக்குச் சோகை இருக்கிறது. அதே 12.5 பதுளை நகரத்தில், 680 மீற்றர் அளவில், 12.1 ஆகி எல்லைக்கு மேலேயே நிற்கும், அங்கே சோகை இல்லை. எந்தத் தோட்டத்தின் எந்தப் பிரிவில், எத்தனை மீற்றரில் இரத்தம் எடுத்தோம் என்று எழுதாத தரவை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

சோகைக்கு இரும்புச்சத்து என்றதும் எல்லாரும் கீரையைச் சொல்கிறார்கள். தோட்டத்துக் காலைச் சாப்பாட்டைப் பாருங்கள்: கோதுமை மா ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி. ரொட்டியில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் தேயிலையின் பொலிபீனோல் பிடித்துக்கொள்கிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், பாணோடு சாயத் தேநீர் குடித்தவர்களின் உடல் அந்த இரும்பை உறிஞ்சுவது 79 முதல் 94 சதவீதம் வரை குறைந்தது. இதை அந்தப் பெண்களிடம் சொன்னால் மறுப்பதில்லை. “அப்ப எப்ப டீச்சர் குடிக்கிறது?” என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுங்கள் என்பது, அந்த ஒரு மணி நேரத்தைத் தன் கையில் வைத்திருப்பவருக்குச் சொல்ல வேண்டிய அறிவுரை. நாலரைக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளையை மடுவத்தில் விட்டு, காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்கு ஓடுபவளுக்கு அந்த இடைவெளி இல்லை. மலையில் பத்து மணித் தேத்தண்ணியும் மிச்ச ரொட்டியும் ஒன்றாகத்தான் வரும்.

திரிபோஷவும் இதே கதைதான். சோளமும் சோயாவும் கலந்த அந்த மா 1973 முதல் நாட்டில் கொடுக்கப்படுகிறது. கர்ப்பிணிக்கு மாதத்துக்கு 750 கிராம் பை இரண்டு, அதாவது நாளுக்கு 50 கிராம். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் உருண்டை பிடித்தால் அவளுக்கு 10 கிராம். பகிர்ந்து சாப்பிடுவதை ‘கசிவு’ என்று அறிக்கையில் எழுதுகிறோம். பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும் மூத்த பிள்ளைக்கு ஓர் உருண்டை கொடுத்த தாயைக் குற்றவாளியாக்கும் சொல் அது, எனக்கு உவப்பில்லை.

சம்மதம் வாங்குவதைப் பற்றிப் பட்டப்பின்படிப்பில் ஒரு விரிவுரை நடக்கும், ஒழுக்கநெறிக் குழுவின் படிவமும் கையில் இருக்கும். தோட்டத்தில் அது போதாது. தோட்ட முகாமையாளரான துரையிடம் அனுமதி வாங்காமல் உள்ளே போக முடியாது. துரையின் அனுமதியோடு போனால், வந்தவருக்குப் பதில் சொல்வதும் வேலையில் சேர்ந்தது என்று பெண்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் பெரட்டுக்களத்தில், கங்காணி நிற்கும்போது சம்மதம் கேட்பதில்லை. வேலை முடிந்து லயத்துக்கு வந்தபின், ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் யாருக்கும் தெரியவராது என்று விளக்கிய பிறகுதான் கேட்கிறோம். வேலை நேரத்தில் நிறுத்திவைத்தால் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலிதான். நம் கேள்விக்கு அவள் கூலி கட்டக்கூடாது. கிளினிக் நாளில் அளப்பது சுலபம்தான், ஆனால் கிளினிக்குக்கு வர முடியாதவளே நாம் தேட வேண்டியவள்.

தோட்டத்துப் பெண்ணின் நாளின் மணிக்கணக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது பால்குடிப் பிள்ளையின் நேரம். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. பின்னர் வந்த திருத்தத்தின்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நாளில் பாலூட்ட இரண்டு இடைவேளைகள் உண்டு. பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையக்கூடாது. ஏட்டில் அது நல்ல ஏற்பாடு. ஆனால் மேல் மலையில் பறிப்பவளுக்கு மடுவம் கீழே இருக்கிறது. கூடையை இறக்கி, படியிலும் கான் ஓரத்திலும் இறங்கி, பிள்ளையைத் தூக்கிப் பாலூட்டி, திரும்ப ஏறி வர வேண்டும். அரை மணியில் நடைக்கு எவ்வளவு, மார்பில் பிள்ளை இருந்த நேரம் எவ்வளவு? என்னிடம் படிக்கும் ஒரு மாணவி இப்போது இதைத்தான் எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு மலைக்கும் மடுவத்துக்கும் இடையிலான நடையை, தாய்மாரோடு கூட நடந்து, கைக்கடிகாரத்தில் குறிக்கிறாள். மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் தனித்தனி நிரல் வைத்திருக்கிறாள். எந்த மலையில் எந்த மாதம் பறிப்பு என்பதைக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டு, நடை அதிகமான மலைகளுக்குப் பால்கொடுக்கும் தாய்மாரைப் போடாதிருக்க முடியுமா என்று தோட்ட நிர்வாகத்திடம் கேட்கப்போகிறாள்.