சாரலுக்கு ஒரு வண்டி

சாரல் காலம் வந்துவிட்டால் தென்காசிக்காரர்களுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. எங்கெங்கோ இருந்தெல்லாம் மக்கள் வேனிலும் பஸ்ஸிலும் வந்து குற்றாலத்தில் ஆனந்தமாகக் குளித்துவிட்டுப் போகிறார்கள். ஐந்தே கிலோமீட்டர் தள்ளிக் குடியிருக்கும் நாங்களோ அருவியில் தண்ணீர் விழும் செய்தியைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்கிறோம்! "இப்படியே இருந்தா நான் அருவியைக் கண்ணால பாக்காமலே போய்ச் சேந்துருவேன் போலிருக்கே" என்று எங்கள் ஆச்சி ஒரு நாள் சொன்னதுதான் இந்தக் கதைக்குத் தொடக்கம்.

இந்தக் கட்டுரையில் 'நாங்கள்' என்பது பெரும்பாலும் எங்கள் வீட்டின் இரண்டு பெண்களைக் குறிக்கும். ஒருத்தி பத்தாம் வகுப்பு, மற்றவள் எட்டாம் வகுப்பு. எழுதுகிறவள் மூத்தவள்தான் என்றாலும், இளையவள் இல்லாமல் இதை எழுத முடியாது. காரணம் பின்னால் வரும்.

ஆச்சி பிறந்தது மேலகரத்தில். சிறு வயதில் விடியற்காலையில் எழுந்து, தோழிகளுடன் நடந்தே பேரருவிக்குப் போய்க் குளித்துவிட்டுத் திரும்பியவர். இப்போது இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. டவுன் பஸ்ஸின் படியில் ஏற இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். ஆட்டோவில் போகலாமே என்பீர்கள். போனோம், ஒரு முறை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆச்சி பட்ட வேதனையைப் பார்த்துப் பாதி வழியில் திரும்பிவிட்டோம். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை.

2025 ஏப்ரலில் அம்மா ஐந்து வருடமாகக் கட்டிவந்த சீட்டு விழுந்தது. அம்மா வீட்டிலேயே தையல் தைக்கிறவர்கள். அந்தப் பணத்தில் ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்க வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் ஆசை. அப்பாவுக்குச் செங்கோட்டைப் பக்கம் ஒரு மர அறுவை மில்லில் கணக்கு எழுதும் வேலை. அவர்களிடம் கொஞ்சம் இருந்தது. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து இருபத்தையாயிரம். ஓர் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா, "மெஷின் அடுத்த சீட்டுல பாத்துக்கிடலாம். ஒரு பழைய கார் பாருங்க" என்றார்கள். அப்பா பதில் பேசவில்லை. நாங்களும் துள்ளிக் குதிக்கவில்லை. அம்மாவின் ஐந்து வருடத் தையல் அந்தப் பணத்தில் இருந்தது எங்களுக்குத் தெரியும்.

அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியும், காரைப் பற்றித் தெரியாது. எனவே எங்கள் தெருக்கோடியில் இருக்கும் மெக்கானிக் தாத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டோம். ஒரு காலத்தில் சீசன் நாட்களில் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அம்பாசிடர் டாக்சி ஓட்டியவர். பிறகு ஒர்க்‌ஷாப் வைத்து, வயதானதும் விட்டுவிட்டார். அவருக்குக் கார்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி. 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்ததை நேற்று நடந்ததுபோல் சொல்வார். அந்த மாருதியும், அவர் ஓட்டிய அம்பாசிடரும் 2014 என்ற ஒரே ஆண்டில் உற்பத்தி நின்றுபோனதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

தாத்தா போட்ட முதல் சட்டம் இது: "நாங்க வாரதுக்கு முன்னால வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூடாதுன்னு சொல்லிருங்க." சூடான எஞ்சின் தன் நோயை மறைத்துவிடுமாம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது வரும் புகையைப் பார்க்க வேண்டும். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக வந்து நிற்காமலே இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது. கருப்பாக வந்தால் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கிறது. எங்கள் வேதியியல் பாடத்தை விட இது சீக்கிரம் மனதில் பதிந்தது. (சிஸ்டர் மன்னிக்க வேண்டும்.)

முதலில் பார்த்த வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிவப்பு நிறம், பார்க்க அழகு. தாத்தா சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தார், கீழே விழுந்தது. இன்னோர் இடத்தில் வைத்தார்; அங்கும் விழுந்தது. இரும்பு இருந்த இடத்தில் எல்லாம் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். "இது காரு இல்ல அண்ணாச்சி, களிமண் பொம்மை" என்று அப்பாவின் காதில் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

இரண்டாவது வண்டியில்தான் நாங்கள் மாட்டிக்கொள்ளப் பார்த்தோம். வெள்ளை நிற ஆல்டோ. எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. புரோக்கர் ஒருவர் அதைத் தென்காசியில் ஒரு காலி மனையில் நிறுத்தி வைத்திருந்தார். பளபளவென்று துடைத்து, உள்ளே மல்லிகை வாசனை அடித்து, இருக்கைகளுக்குப் புது உறை போட்டிருந்தது. கேட்ட விலை ஒரு லட்சத்து இருபதாயிரம். அந்த வயது வண்டிக்கு அது மிகவும் குறைவு என்று அப்பாவுக்கே தெரிந்தது. அப்பாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்! அம்மா நூல்கண்டு டப்பாவில் வைத்திருந்த முன்பணத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

தாத்தா மட்டும் நம்பர் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் தென்காசி வண்டிகளுக்கு டி.என். 76. இதுவோ டி.என். 69, தூத்துக்குடி வண்டி. "எந்த ஊர்ல நின்ன வண்டி?" என்று கேட்டார். புரோக்கர் பதில் சொல்வதற்குள் எங்களில் இளையவள், சும்மா இருக்க முடியாதவள், பின் இருக்கையில் ஏறி சீட் பெல்ட்டை இழுத்து விளையாட ஆரம்பித்துவிட்டாள். முழுவதும் இழுத்தாள். உள்ளே சுருண்டிருந்த கடைசி முழப் பட்டையில், செம்மண் நிறத்தில் ஒரு கறை கோடு போட்டதுபோல இருந்தது. "தாத்தா, இதைத் துவைக்க மறந்துட்டாங்க" என்றாள்.

தாத்தா உள்ளே வந்து பார்த்தார். பிறகு மிதியடியைத் தூக்கினார். இருக்கையைத் தரையோடு பிடித்திருந்த போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன. முன்விளக்கின் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தது. மல்லிகை வாசனைக்கு அடியில் ஒரு பூஞ்சை நாற்றம், இப்போது எங்களுக்கும் தெரிந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரையை மீறி ஊர்களுக்குள் புகுந்தது. வீடுகளோடு வாகனங்களும் மூழ்கின. அப்படி மூழ்கிய கார் நன்றாகக் கழுவிக் காய வைத்தால் ஓடத்தான் செய்யும். ஆனால் ஒயர்களின் இணைப்புகளுக்குள் போன ஈரம் உள்ளிருந்தே அரிக்கும். இன்று ஓடும், நாளை நடுவழியில் நிற்கும். எது கெட்டது என்று எந்த மெக்கானிக்காலும் உடனே சொல்ல முடியாது.

வண்டியின் சொந்தக்காரர் மரத்தடியில் நின்றிருந்தார். அப்போதுதான் அவரைக் கவனித்தோம். அம்மா அவரிடம் போய், கோபமே இல்லாமல், "தம்பி, தண்ணி எவ்வளவுக்கு ஏறிச்சு?" என்று கேட்டார்கள். புரோக்கர் வேறு பக்கம் பார்த்தார். அந்த மனிதர் சிறிது நேரம் பேசவில்லை.

"வீட்டுக்குள்ளயே இடுப்பளவு நின்னுது அக்கா. வண்டி வாசல்ல கெடந்துச்சு."

"இன்சூரன்ஸ்ல ஒண்ணும் தரலியா?"

"மூணாம் நபர் இன்சூரன்ஸ்தான் கட்டியிருந்தேன்."

சட்டப்படி கட்டாயமாக எடுக்க வேண்டியது அது ஒன்றுதான். நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு அது ஈடு தரும். நம் வண்டிக்கு வரும் சேதத்துக்குத் தராது. அப்பா, "முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?" என்றார்கள். "சொன்னா யாரு வாங்குவா அண்ணாச்சி?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அப்பாவிடம் பதில் இல்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் எங்களுக்குள் சண்டை. அவர் ஏமாற்றுக்காரர் என்றாள் இளையவள். வீட்டையும் சாமானையும் வெள்ளத்தில் கொடுத்தவர் வேறு என்ன செய்வார் என்றாள் மூத்தவள். கடைசியில் தாத்தாதான் குறுக்கிட்டார். "தண்ணி ஏறின வண்டின்னு சொல்லி, அதுக்குத் தக்க விலைக்கு வித்தா வாங்குறதுக்கு ஆள் இருக்கு, புள்ளைகளா. அவருக்கு வந்தது கஷ்டம்தான். அதை உங்க அம்மா தலையில ஏத்தி வைக்கலாமா?" அம்மா நூல்கண்டு டப்பாவை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்த மனிதரின் முகம் மட்டும் எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

அதன் பிறகு பத்து நாட்கள் யாரும் கார் பேச்சே எடுக்கவில்லை. ஆச்சி, "எனக்காக ஒண்ணும் வாங்க வேண்டாம்டி" என்று எங்களிடம் இரகசியமாகச் சொன்னார்.

மூன்றாவது வண்டி இலஞ்சியில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இருந்தது. 2012-ஆம் வருடத்து மாருதி 800. வெள்ளி நிறம் மங்கி, அலுமினியப் பாத்திரம்போல இருந்தது. இடது கதவில் ஒரு நசுங்கல். எங்களுக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பெரியவர் எங்களை உட்காரச் சொல்லி, மோர் கொடுத்துவிட்டு, நாங்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தார். "ஏசி கிடையாது. இடது பக்க வைப்பர் சரியாத் துடைக்காது. காலையில இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பண்ணும். கதவை நசுக்கினது நான்தான், எங்க வீட்டுக் கேட்டுலயே." பிறகு ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்தார். பெட்ரோல் போட்ட நாள், ஆயில் மாற்றிய நாள், பிரேக் பார்த்த நாள் எல்லாம் அழகான கையெழுத்தில். கணக்கெழுதும் எங்கள் அப்பா அந்த நோட்டைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டும்! பக்கம் பக்கமாகப் படித்தார்கள். கண்ணில் புரை விழுந்து இரவில் ஓட்ட முடியாததால் விற்கிறாராம்.

தாத்தா விடவில்லை. ஆயில் குச்சியை எடுத்து விரலில் தேய்த்தார். காந்தத்தை வைத்தார், எல்லா இடத்திலும் ஒட்டியது. அடியில் படுத்துப் பார்த்தார். புகை வந்தது தெரியவே இல்லை. டயரின் ஓரத்தில் நான்கு எண்களைக் காட்டி எங்களைப் படிக்கச் சொன்னார்: 2316. 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் கிழடாகிவிட்டது, நான்கையும் மாற்ற வேண்டும் என்றார். இளையவள் நான்கு சீட் பெல்ட்டுகளையும் முழுக்க இழுத்துப் பார்த்தாள். பெரியவர் சிரித்தார்.

தொண்ணூற்றையாயிரம் கேட்டார். பேரம் பேசுவதில் தென்காசிச் சந்தையே அறிந்த எங்கள் அம்மா வாயைத் திறக்கவில்லை. பெரியவரே, "டயர் செலவு இருக்குல்லா" என்று மூவாயிரத்தைக் குறைத்துக்கொண்டார்.

மற்றதெல்லாம் அப்பாவின் வேலை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டார்கள். வங்கிக் கடன் பாக்கி இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, இன்சூரன்ஸையும் எங்கள் பெயருக்கு மாற்றினார்கள். பதிவு 15 வருடம் என்பதால் 2027 வரை கவலை இல்லை. அதன் பிறகு தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். டயர், பாட்டரி, எல்லாம் போகக் கொஞ்சம் மிஞ்சியது. அதை அம்மா மறுபடியும் நூல்கண்டு டப்பாவில் போட்டு மூடிவிட்டார்கள். பங்குத்தந்தை வண்டியை மந்திரித்துக் கொடுத்தார்.

அந்த வருடம் தென்மேற்குப் பருவமழை மே 24-ஆம் தேதியே கேரளத்தில் தொடங்கிவிட்டது. பள்ளி திறப்பதற்கு முன்பே ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்றும் தூறலும் வந்துவிட்டன. மே மாதக் கடைசியில் ஒரு காலை, ஆச்சியை முன் இருக்கையில் வைத்துப் புறப்பட்டோம். மேலகரத்தைத் தாண்டும்போது ஆச்சி தான் பிறந்த வீடு இருந்த திசையைக் காட்டினார். இரண்டாவது கியர் சொன்னபடி முரண்டு பண்ணியது.

பேரருவிக்குப் போனால், வெள்ளம் அதிகம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துக்கொண்டு போனதை யார் மறப்பார்கள்? போலீஸ்காரர் கையைக் காட்டியதும் அப்பா மறுபேச்சுப் பேசாமல் வண்டியை ஓரமாக நிறுத்தினார்கள். எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பாடும் இதற்குத்தானா?

ஆச்சி தன் பக்கத்துக் கண்ணாடியைக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி இறக்கினார். தூரத்தில் அருவி வெள்ளையாக விழுந்து இரைந்தது. சாரல் காற்றோடு உள்ளே வந்தது. ஆச்சி கையை வெளியே நீட்டி, ஈரமான கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பவும் நீட்டினார். "அதே மணம்டி" என்றார்.

அரைமணி நேரம் அவர் கண்ணாடியை ஏற்ற விடவில்லை. இருக்கையும் மிதியடியும் தொப்பலாக நனைந்துவிட்டன. ஈரத்தை வண்டிக்குள் தங்க விடக்கூடாது என்று மெக்கானிக் தாத்தா சொன்னது நினைவுக்கு வரவே, மறுநாள் காலையில் மிதியடிகளை எல்லாம் எடுத்து மொட்டைமாடிக் கொடியில் போட்டோம். வெயில்தான் நான்கு நாட்களாக வரவே இல்லை.