அந்த வீட்டுக்கு நான் எதற்காகப் போனேன்

எங்கள் அமைப்பின் லெட்டர்பேடில் இரண்டு வேலைகள் அச்சாகியிருக்கும். ஒன்று, சிறை மீண்டோர் மறுவாழ்வு. இன்னொன்று, குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு உதவி. தென்மாவட்டத்துச் சிறிய தொண்டு நிறுவனம் அது. அதன் களப்பணிப் பொறுப்பு நெடுங்காலம் என்னிடம் இருந்தது. முதல் வேலையைச் செய்தேன். இரண்டாவதைச் செய்யவில்லை, செய்ததாக எழுதினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல் வேலையில் குறை வைக்கவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். மத்திய சிறையில் மனுப் போட்டு வந்து பார்க்க ஆளே இல்லாத கைதிகள் உண்டு. அவர்கள் ஊருக்குப் போய், பேச்சு முறிந்துபோன அண்ணனையும் மாமனாரையும் பிடித்து, ஒரு தடவையாவது வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கள் என்று மன்றாடுவேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவோம். விடுதலையாகி வருகிறவருக்கு ரேஷன் கார்டில் பெயர் இருக்காது, வாடகைக்கு வீடு கிடைக்காது, பழகிய கொத்தனார்கூட வேலைக்குக் கூப்பிடமாட்டார். அந்த முதல் சில வாரங்கள் ஓர் ஆள் கூட நின்றால் மனிதர் நிமிர்ந்துவிடுவார். நிற்காவிட்டால் பழைய கூட்டாளிகள் வந்து நிற்பார்கள். 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டித் தமிழ்நாட்டுச் சிறைகளிலிருந்து 1,405 ஆயுள் கைதிகள் முன்விடுதலையானார்கள். சிறை வாசலில் மகனைக் கட்டிக்கொண்டு அழுத தாய்மார்களோடு நானும் நின்று அழுதேன். அந்த மகன்களை உள்ளே அனுப்பிய சாவுகள் விழுந்த வீடுகளில் அன்று என்ன நினைத்திருப்பார்கள் என்ற யோசனை எனக்கு வரவே இல்லை.

ஏன் வரவில்லை? சிறையிலிருந்து வந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார். அந்த நன்றிக்கு நான் பழகிவிட்டேன். செத்தவர் வீட்டில் நன்றி கிடைக்காது. அங்கே அழுகை இருக்கும், கோபம் இருக்கும், பதில் சொல்ல முடியாத கேள்வி இருக்கும். அதற்கு நான் பயந்தேன். வெளியே இதைச் சொல்லவில்லை. அவர்களுக்குத்தான் போலீஸ் இருக்கிறது, அரசு வக்கீல் இருக்கிறார், சட்டமே அவர்கள் பக்கம் நிற்கிறது, கைதிக்குத்தான் நாதியில்லை என்று எல்லோரிடமும் பேசினேன். அரசு வக்கீல் அரசுக்கு வக்கீல். செத்தவரின் மனைவி அவருக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். சாட்சி சொல்லி முடித்ததும் அவர் பஸ் ஏறி ஊருக்குப் போகவேண்டியதுதான். இத்தனை வருடம் கோர்ட் வராந்தாவில் நின்ற எனக்கு இது தெரியாமலா இருந்தது?

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். வாய்க்கால் தண்ணீர் யார் முறை என்ற தகராறில் ஒருவர் மம்பட்டியை ஓங்கிவிட்டார். ஓர் அடிதான். அடிபட்டவர் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து இறந்தார். இருவரும் ஒரே சமூகம்; தூரத்து உறவும் உண்டு. செஷன்ஸ் கோர்ட்டில் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அப்பீல் போய், கொலை ஆகாத மரணம் விளைவித்ததற்கான 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதிக்கு மாறி, ஏழு ஆண்டாகக் குறைந்தது. அடித்தவர் உள்ளே ஒழுங்காக வேலை பார்த்தார், யாரோடும் வம்புக்குப் போகாதவர். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவருடைய தாயாருக்கு உடம்பு முடியாமல் போனபோது விடுப்புக்கு மனுப் போட்டோம். நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்து விசாரிப்பார். இவர் வந்தால் பிரச்சினை வருமா, செத்தவர் வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று அறிக்கை எழுதுவார். அவர் வருமுன்னே நான் செத்தவர் வீட்டுக்குப் போனேன். தனியாகப் போகவில்லை, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போனேன். செத்தவரின் மனைவி திண்ணையில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். ஆறு நாள்தான், தாயைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார், நீங்கள் எதிர்ப்புச் சொல்லாமல் இருந்தால் போதும் என்றேன். அவர் தலை நிமிரவில்லை. "ஊரே சரிங்குது. நான் ஒருத்தி மாட்டேன்னு சொல்லிட்டு இங்க இருக்க முடியுமா சார்" என்றார். கை நிற்கவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. வந்த காரியம் முடிந்தது என்று எழுந்து வந்துவிட்டேன்.

அந்த ஆண்டறிக்கையில், பாதிக்கப்பட்ட குடும்பத்தைச் சந்தித்து ஆற்றுப்படுத்தினோம், கணவரைப் பறிகொடுத்த பெண் மனமார மன்னித்தார் என்று எழுதினேன். நன்கொடையாளர் கூட்டத்தில் அதை நானே வாசித்தேன். கைதட்டினார்கள். அடுத்த ஆண்டு எங்களுக்குக் கிடைத்த பணத்தில் அந்தக் கைதட்டலுக்கும் பங்கு உண்டு. மூன்று ஆண்கள் வாசலில் வந்து உட்கார்ந்து கேட்டதற்கு, வேறு போக்கிடம் இல்லாத ஒரு பெண் சொன்ன பதிலை மன்னிப்பு என்று விற்றேன். என் வேலையில் நான் செய்த மிகப் பெரிய குற்றம் இதுதான்.

அடித்தவர் விடுதலையானதும் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்துக் கொடுத்தோம். இடம் பார்த்தவன் நான்.

கடை நன்றாக ஓடியது. ஒருநாள் சாயங்காலம் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவர் என்னிடம் கேட்டார்: "சார், உள்ள இருக்கும்போது எங்க கூலியில பிடிச்ச காசு அவியளுக்குப் போய்ச் சேந்துச்சா? நான் போய்க் கேக்க முடியாது. நீங்க அவிய வீட்டுக்குப் போவியல்லா, அதான்."

கைதிகளின் உழைப்புக்கு நியாயமான கூலி வேண்டும் என்று சொன்ன 1998ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அந்தக் கூலியில் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கவேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாட்டுச் சிறைகளில் கூலியில் பாதியை உணவு, உடைச் செலவுக்கும் 20 சதவீதத்தைப் பாதிக்கப்பட்டோர் நிதிக்கும் பிடித்துக்கொண்டு மீதியைக் கைதியின் கணக்கில் வரவு வைத்தார்கள். இது எனக்கு மனப்பாடம். பிடித்தம் அதிகம், கைதியின் வீட்டுக்கு அனுப்பக் காசு மிஞ்சவில்லை என்று மனுவே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த 20 சதவீதம் எந்த வீட்டுக்குப் போகவேண்டும், போனதா என்று ஒருமுறையும் பார்த்ததில்லை. நிதியில் கிடக்கும் பணம் தானாக வீடு தேடிப் போகாது. வாரிசு யார், எங்கே இருக்கிறார் என்று யாராவது விசாரித்து எழுதிக் கொடுக்கவேண்டும். அந்த யாராவது நான்தான். அடித்தவருக்கு இருந்த அக்கறை எனக்கு இல்லாமல் போயிற்று.

மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். திண்ணையில் இப்போது இரண்டு சுளகுகள். தாய் தகட்டளவுக்கு இலையை வெட்டிப் போட, மகள் தூள் வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி, வாயை நகத்தால் மடித்துவிட்டுக் கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தாய் கேட்டார்: "இப்ப யாருக்கு லீவு சார்?"

நான் வாசலிலேயே நின்றேன். யாருக்கும் இல்லை, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பேசினார். தீர்ப்பு நாள் எது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. "ஏழு வருசமா கொறஞ்சிட்டுன்னு பீடிக் கடையில வச்சுத்தான் சொன்னாவ" என்றார். ஆஸ்பத்திரி நாட்களுக்கும் காரியத்துக்கும் வட்டிக்கு வாங்கிய பணத்துக்கு இன்னும் வட்டிதான் போய்க்கொண்டிருந்தது, முதல் அப்படியே நின்றது. ஒன்பதாவதோடு மகள் படிப்பை நிறுத்தியாயிற்று. அதே வகுப்பில் படித்த அடித்தவரின் மகன் எங்கள் உதவியில் பாலிடெக்னிக்கில் இருந்தான். அவன் படித்ததில் ஒரு தவறும் இல்லை. இவளையும் படிக்க வைக்க எங்களிடம் பணம் இருந்தது, லெட்டர்பேடில் வாக்கும் இருந்தது. நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. சுற்றிய பீடியைக் கொடுக்கப் போகும் கடை, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி இருக்கிறது. டீக்கடை வந்த நாளிலிருந்து அவர் அந்த வழியாகப் போவதில்லை. வாய்க்கால் கரையைச் சுற்றித்தான் நடை, மழைக்காலத்திலும்.

வீட்டுக்கு வந்து என் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரை நான் மேடைதோறும் சொல்வேன். 1977இல் முகமது கியாசுதீன் வழக்கில், தண்டனை மனிதனைத் திருத்துவதாக இருக்கவேண்டும் என்று வாதாடி எழுதியவர் அவர். அதே நீதிபதி 1979இல், லாரி மோதி ஒருவர் இறந்த ரத்தன் சிங் வழக்கில், பாதிக்கப்பட்டவரை நம் சட்டம் கவனிக்காமல் விடுவது பலவீனம் என்று எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே பேனாவிலிருந்து வந்தவை. முதலாவதை மட்டும் படித்துவிட்டு அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வழி இல்லாமலும் இல்லை. சென்னையில் பி.சி.வி.சி. என்ற அமைப்பு 2001 முதல் வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களுக்கும் தீக்காயம் பட்ட பெண்களுக்கும் துணையாக நின்றுவருகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ என்ற பிரிவு 2009 டிசம்பர் 31 அன்றே நடைமுறைக்கு வந்தது. இப்போதைய புதிய சட்டத்தில் அது 396ஆம் பிரிவு. அதன்படி பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுக்கோ அரசே இழப்பீடு கொடுக்கவேண்டும். எவ்வளவு என்பதை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு முடிவு செய்யும். தமிழ்நாட்டுக்கான திட்டம் 2013இல் வந்தது. ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீட்டைப் பற்றி நீதிமன்றம் யோசித்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதே 2013இல்தான். அந்த மம்பட்டி வழக்கின் தீர்ப்பு நகலை எடுத்துப் பார்த்தேன். இழப்பீடு பற்றி ஒரு வரி இல்லை. கேட்க ஆள் இருந்திருந்தால் அந்த வரி வந்திருக்கும்.

எப்.ஐ.ஆர். நகல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் சேர்த்து மனுக் கொடுத்தோம். இழுத்தடித்து, கடைசியில் பணம் வந்தது. கடன் அடைந்தது. மகள் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதினாள். அதற்கு மேல் படிக்கமாட்டேன் என்றுவிட்டாள். வாய்க்கால் கரை நடையைப் பற்றி டீக்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மாதத்துக்குள் கடையை ஊருக்கு வெளியே விலக்கு ரோட்டுக்கு மாற்றிக்கொண்டார். வியாபாரம் பாதிதான் என்கிறார்கள்.

அந்தப் பெண் அவரை மன்னிக்கவில்லை. என்னிடமும் பேச்சு அளவோடுதான். இரண்டுக்கும் அவருக்கு முழு உரிமை உண்டு.

நிர்வாகக் குழுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆண்டறிக்கையில் நான் எழுதியது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். களப்பணிப் பொறுப்பு இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. விடுப்புக்காகப் பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கு எங்கள் ஆட்கள் போகக்கூடாது என்று முடிவாகியிருக்கிறது. அந்த வீட்டாருக்கு உதவப் போகிறவர், கைதிக்கு உதவுகிறவராக இருக்கக்கூடாது என்றும்தான். இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் இருந்தால் நன்றி கிடைக்கும் பக்கம்தான் கால் போகும். என் கால் போனது.

சிறை மீண்டவர்களுக்காக உழைக்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் பதிவேட்டை எடுங்கள். நீங்கள் கைதூக்கிவிட்ட ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, அவரால் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பெயரை எழுத முடிகிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வீட்டைத் தவிர வேறு ஒரு பெயர்கூட என்னால் எழுத முடியவில்லை.

படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ கொலையிலோ தாக்குதலிலோ ஆளைப் பறிகொடுத்த வீடு இருந்தால், இழப்பீட்டுக்கு மனுக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும். குற்றவாளி யாரென்று தெரியாத வழக்கிலும் மனுக் கொடுக்கலாம். வழி தெரியாவிட்டால் 15100 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். அவர்களுக்கு எழுத வராது என்றால் நீங்கள் எழுதிக் கொடுங்கள், அலுவலகம் வரைக்கும் கூடவே போய் வாருங்கள்.